டிரம், டிஸ்க், லேத்: ஒரு தேய்மானத்தின் வரலாறு

பிரேக் டிஸ்க் ஒன்றைக் கழற்றி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் எங்கேயாவது பொடி எழுத்தில் ஓர் எண் குத்தியிருக்கும். "குறைந்தபட்ச கனம் இத்தனை மில்லிமீட்டர்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அதற்கு முன்னால் இருக்கும். மோட்டார் பைக்கிலும், மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிற நாலு சக்கர ஏ.டி.வி.யிலும் புது டிஸ்க் ஏறக்குறைய 4 மி.மீ. கனம் இருக்கும்; குத்தியிருக்கும் எண் 3.5 அல்லது அதையொட்டி இருக்கும். அதாவது அந்த இரும்புத் தட்டின் ஆயுள் முழுக்க அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. நாலு தபால் அட்டையை அடுக்கினால் வருகிற கனம்கூட இல்லை.

இந்த எண்ணை யாரும் படிப்பதில்லை. ஏன் படிப்பதில்லை என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. பதில் சோம்பேறித்தனம் இல்லை. அதற்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

எங்கள் கடையநல்லூர் திருமங்கலம்–கொல்லம் சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. கேரளத்துக்குப் போகிற லாரிகள் புளியங்குடி, சொக்கம்பட்டி தாண்டி ஊருக்குள் வந்து, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாய்க்குப் போகும். லாரி போகிற சாலை என்றால் ஓரத்தில் பட்டறைகள் இருக்கும். டயர் கடை, வெல்டிங், லேத், லைனர் அடிக்கிற கடை. இன்னொரு பக்கம், வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு ஊரில் குறைவு. போனவர்களில் மெக்கானிக்குகளும் உண்டு. துபாயில் பாலைவனச் சுற்றுலாக் கம்பெனியில் குவாட் பைக் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே பேட் மாற்றுவதுதான் தினசரி வேலையாம். "மணல் தம்பி, மணல். டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவுல மணல் போயிருச்சுன்னா அது பிரேக் இல்ல, சாணைக்கல்லு" என்றார். அங்கே அளவு பார்த்து டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். இங்கே வந்தபிறகு? சிரித்தார். "இங்க லேத்துல ஒரு பாஸ் விட்டுத் தாங்கம்பாங்க."

லேத்தில் ஒரு பாஸ். மொத்த விஷயமும் அந்த மூன்று சொல்லில் அடங்கிவிடுகிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள 1902-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷத்தை நான் ரொம்ப ரசிப்பேன். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருப்படியாகச் செய்து காட்டியது 1902. இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் லாங்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியதும் 1902. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே வருஷத்தில் பிறந்தன. அதில் ஒன்று உலகத்தையே ஆண்டது. மற்றது அரை நூற்றாண்டு தூங்கியது.

லாங்செஸ்டர் சாதாரண ஆள் இல்லை. விமான இறக்கையின் கோட்பாட்டில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. அவருடைய பிரேக்கின் யோசனை இன்றைக்கும் மாறவில்லை: சக்கரத்தோடு சுற்றுகிற மெல்லிய உலோகத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. தட்டைக் கவ்வுகிற பரப்புக்கு அவர் செம்பை வைத்தார். இரும்பில் செம்பு உரசினால் எப்படிக் கத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும். அதுகூடப் பரவாயில்லை. அன்றைய சாலைகள் மண் சாலைகள். திறந்து கிடக்கிற தட்டில் புழுதி ஒட்டும். மென்மையான செம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும். டிரம் அப்படி இல்லை. ஒரு சட்டி, அதற்குள்ளே இரண்டு பிறை வடிவ ஷூக்கள். வெளிப் புழுதி அதிகம் உள்ளே போகாது. அதைவிட முக்கியம், சுற்றுகிற சட்டி ஷூவைத் தானே உள்ளுக்கு இழுத்து இறுக்கிக்கொள்ளும். மிதிப்பவர் காலில் கொஞ்சம் பலம் போதும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் காருக்கு வந்தது 1921-இல், அமெரிக்க டூசன்பெர்க் காரில். அதுவரை கம்பியும் நெம்புகோலும்தான். அந்தக் காலத்தில் டிஸ்க்கைக் கவ்வத் தேவையான அழுத்தத்தைக் காலால் மட்டும் கொடுப்பது பெரிய பாடு.

ஆக டிரம் ஜெயித்தது நியாயம்தான். லாங்செஸ்டர் 1946-இல் இறந்தார், தன் யோசனை ஜெயித்ததைப் பார்க்காமலே.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும்: ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பாங்கான பகுதி. சரிவில் இறங்குகிற குதிரை வண்டிகளின் மரக்கட்டை பிரேக் வழுக்குவதையும், வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையில் பழைய செருப்புத் தோலை வைத்து ஆணியடித்து ஓட்டுவதையும் அவர் கவனித்ததாகச் சொல்வார்கள். நம் ஊர் மாட்டு வண்டியிலும் சரிவில் சக்கரப் பட்டாவோடு குறுக்குக் கட்டையை இறுக்கி வேகம் குறைக்கிற வழக்கம் உண்டு, அதே தத்துவம்தான். ஃப்ரூட் அதிலிருந்து ஒரு தொழிலையே உண்டாக்கினார். 1897-இல் உராய்வுப் பொருள் தயாரிக்கத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் உண்டாக்கிய பெயர்தான் ஃபெரோடோ. பழைய ஸ்பேர்ஸ் கடைப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். தோல், பருத்தி, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் என்று பொருள் மாறிக்கொண்டே போனது.

லைனர் என்கிற இந்த ஒன்றுதான் டிரம் பிரேக்கைப் பட்டறைக்காரரின் நண்பன் ஆக்கியது. யோசித்துப் பாருங்கள். தேய வேண்டியது லைனர். அது ஷூவில் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறது. தேய்ந்தால் பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்து, புது லைனர் வைத்து, ரிவெட் அடித்துவிடலாம். ஷூ அப்படியே இருக்கும். சட்டியில் கோடு விழுந்தால் லேத்தில் ஏற்றி உள்பக்கம் ஒரு பாஸ் விடலாம். சட்டி கொஞ்சம் பெரிதாகும். அதற்கேற்றாற்போல் கனமான, ஓவர்சைஸ் லைனர் அடிக்கலாம். லாரி டிரம் என்பது கனத்த வார்ப்பு. இரண்டு மூன்று பாஸைத் தாங்கும். தூக்கிப் போடுகிற பேச்சே இல்லை.

இந்தியாவில் இந்தப் பழக்கம் மற்ற நாடுகளைவிட ஆழமாக வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு நம் சாலையில் ஓடிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது 1940-களின் கடைசியில். டாடாவின் மெர்சிடிஸ் லாரி 1954. எண்ணூரில் லேலண்ட். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடர். ஃபியட். எல்லாமே டிரம். இறக்குமதிக் கட்டுப்பாடு, லைசென்ஸ் ராஜ்யம். ஒரே மாடல் இருபது முப்பது வருஷம் மாறாமல் வந்தது. வெளிநாட்டில் தலைமுறை மாறிய பிறகும் நம் மெக்கானிக்கின் கைக்கு வந்தது அதே சட்டி, அதே ஷூ. அதனால் அதில் அவர் விற்பன்னர் ஆனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாட்டையே ஓட வைத்த திறமை அது. மலையில் ஓடிய ஜீப்புகளை, எஸ்டேட் லாரிகளை நிறுத்தியது அந்த ரிவெட் சுத்தியல்தான்.

இதில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்கும் பங்கு உண்டு. திருக்குறுங்குடிக்காரரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பஸ் ஓட்டி, பிறகு உதிரிப் பாகம் விற்று, பிறகு உதிரிப் பாகம் செய்யத் தொடங்கியது. அந்தக் குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸும் சேர்ந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலை. 1964-இல் ரானே பிரேக் லைனிங்ஸ். 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இந்தியாவின் பிரேக் தொழிலுக்குத் தலைநகரம் எதுவென்று கேட்டால், நான் யோசிக்காமல் பாடி–அம்பத்தூர் என்பேன். சென்னைக்கு வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அந்தத் தொழிற்பேட்டை கேட்டுகளில் ஷிப்டுக்கு நின்றிருக்கிறார்கள்.

சரி, தூங்கிக் கிடந்த இரட்டைப் பிள்ளை எப்படி எழுந்தது?

டிரம்மின் பலவீனம் சூடு. மலை இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் குறையும். 16 டன் லாரி ஒன்று அத்தனை உயரம் இறங்கும்போது விடுகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால், சுமார் 750 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரு சின்டெக்ஸ் டேங்க் வெந்நீர்! இந்தச் சூடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கில். (அதே மலையில் இறங்குகிற ஊட்டி ரயிலில் பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் நிற்பது வேடிக்கைக்கு இல்லை.) டிரம் சூடேறினால் சட்டி வெளிப்பக்கம் விரியும், அதாவது ஷூவை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும். லைனரின் பிடிப்பும் சூட்டில் குறையும். "பிரேக் பிடிக்கல" என்று டிரைவர் சொல்வது இதைத்தான். டிஸ்க் சூடேறினால் கனத்தில் கொஞ்சம் கூடும், பேடை நோக்கியே வரும். திறந்த காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். புழுதிக்குப் பயந்து ஒதுக்கிய அதே திறந்த தன்மை, சூடு என்று வந்ததும் வரமாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் தேவைப்பட்டது. ஓடுதளத்தில் இறங்குகிற விமானம் சில விநாடிகளில் கொட்டுகிற சூட்டுக்கு டிரம் போதவில்லை. அமெரிக்காவின் கிராஸ்லி என்கிற குட்டிக் கார் 1949-இல் விமான பாணி டிஸ்க்கோடு வந்து சீக்கிரமே கைவிட்டது. பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பும் அழுக்கும் சேர்ந்து பிரேக்கை இறுகப் பிடித்துக்கொள்ளச் செய்தன. லாங்செஸ்டரின் பழைய எதிரி மறுபடியும். பிறகு 1953, லீ மான் 24 மணி நேரப் பந்தயம். டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப்பை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி ஜெயித்தார்கள். அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. ரகசியம் எஞ்சினில் மட்டும் இல்லை. நீளமான நேர்ச்சாலையின் முடிவில் மற்றவர்கள் பிரேக் மிதித்த இடத்தைத் தாண்டி, இன்னும் உள்ளே போய் மிதிக்க முடிந்தது. அதுவும் 24 மணி நேரமும்.

இரண்டு வருஷம் கழித்து அதே லீ மானில் பெரும் விபத்து. டிரம் பிரேக்கும் காற்றுத் தடுப்புப் பலகையும் வைத்திருந்த மெர்சிடிஸ் கூட்டத்தில் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொடக்கம், முன்னால் போன டிஸ்க் பிரேக் ஜாகுவார் பிட்டுக்காக வேகம் குறைத்தது. அதைத் தவிர்க்க விலகிய இன்னொரு கார்மேல் மெர்சிடிஸ் மோதியது. தப்பு யார்மேல் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. எனக்கு அதில் பிடிபட்டது வேறு. ஒரே சாலையில் இரண்டு தலைமுறை பிரேக்குகள் ஓடினால், நல்ல பிரேக் இருக்கிற வண்டிக்குப் பின்னால் வருகிறவன்தான் ஆபத்தில் இருக்கிறான். நம் நெடுஞ்சாலையில் டிஸ்க் பைக்குக்குப் பின்னால் பாரம் ஏற்றிய லாரி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

1955-இல் சிட்ரோயன் டி.எஸ். பெருமளவில் விற்ற கார்களுக்கு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டு சக்கரத்தில் 1962-இல் லாம்பிரெட்டாவின் ஒரு ஸ்கூட்டர், 1969-இல் ஹோண்டா சிபி750. நமக்கு? நம்மில் பலர் முதலில் கண்ட டிஸ்க் மாருதி 800-இன் முன்சக்கரத்தில் இருந்தது. பைக்கில் 1999-இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-இல் பல்சர். நான் காலேஜ் படித்த வருஷங்கள் அவை. பார்க்கிங்கில் டிஸ்க் வைத்த பைக்கைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். பிரேக் பிடித்துக் காட்டச் சொல்வார்கள். அப்புறம் சட்டமே வந்தது: 2018 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து எல்லாவற்றுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டியில் ஏ.பி.எஸ். கட்டாயம். ஏ.பி.எஸ். என்றால் நடைமுறையில் டிஸ்க் என்றே அர்த்தம். இருபது வருஷத்துக்குள் டிஸ்க் அதிசயத்திலிருந்து கட்டாயத்துக்கு வந்துவிட்டது. பட்டறைப் பழக்கம் அத்தனை வேகமாக மாறுமா?

மாறவில்லை. லாரிக்கு விட்ட பாஸை 4 மி.மீ. தட்டுக்கும் விடச் சொல்கிறோம். அது ஏன் ஆகாது என்பதற்கு என் கணக்கு இது. டிஸ்க் என்பது சூட்டை வாங்கி வைக்கிற பாத்திரம். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 400 கிலோ இருக்கிற ஏ.டி.வி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து நின்றால் சுமார் 25 கிலோஜூல் சூடு உண்டாகிறது. எல்லா டிஸ்க்குகளும் சேர்ந்து 3 கிலோ என்று வையுங்கள். ஒரு தடவை நிறுத்தினால் 16 டிகிரி ஏறும். ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இறக்கத்தில் ஆறுவதற்குள் அடுத்தடுத்து மிதிக்கிறோம். 16, 32, 48 என்று கூடிக்கொண்டே போகும். இப்போது அரை மி.மீ. தேய்ந்துவிட்டது. உரசுகிற வளையத்தின் எடை எட்டில் ஒரு பங்கு குறைந்தது. அதே மிதிக்கு ஏறுகிற சூடு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. அந்தச் சூடு பேட் வழியாக காலிப்பருக்குப் போய், பிரேக் ஆயிலைத் தொடும். டாட் 4 ஆயில் புதுசில் 230 டிகிரியில்தான் கொதிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிவிட்டால் வரையறைப்படி 155 டிகிரியே போதும். குற்றாலச் சாரலில் நனைந்து நனைந்து ஓடிய, ரெண்டு மூணு வருஷம் ஆயில் மாற்றாத வண்டிக்கு எந்த எண் பொருந்தும் என்று சொல்ல வேண்டுமா? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும். மிதி அப்படியே தரையைத் தொடும்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்க்கும் மெலிந்து, பேடும் தேய்ந்திருந்தால் காலிப்பரின் பிஸ்டன் வழக்கத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதற்கு வைத்த எல்லையைத் தாண்டினால் சாயலாம், ஆயில் கசியலாம். குத்தியிருக்கிற எண்ணுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. கார் டிஸ்க் கனமானது. அந்த எண்ணுக்குக் கீழே போகாதவரை லேத்தில் விடுவது நியாயமான வேலைதான். மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டில் எடுப்பதற்குச் சதையே இல்லை.

"டிஸ்க் பெண்டு ஆயிருச்சு" என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். பிரேக் பிடித்தால் லீவரில் துடிப்பு தெரிகிறது. உடனே பெண்டு என்று முடிவு. பல சமயம் தட்டு வளைந்திருக்காது. சுற்றுவட்டத்தில் கனம் ஒரே சீராக இருக்காது, அவ்வளவுதான். ஒரு மி.மீ.-இல் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே கார் ஸ்டீரியங்கில் துடிப்பு வந்துவிடும். கண்ணால் பிடிக்க முடியாது. மைக்ரோமீட்டரால் ஏழெட்டு இடத்தில் அளந்தால் பிடிபட்டுவிடும். மைக்ரோமீட்டர் லேத் பட்டறையில் கண்டிப்பாக இருக்கும். அதை டிஸ்க்கில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் போதும், செய்து தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

ஏ.டி.வி. என்றதும் பணக்காரர் பொம்மை என்று தோன்றும். அதன் சரித்திரமும் சுவாரஸ்யம்: 1970-இல் ஹோண்டா மூன்று பலூன் டயர் வைத்த வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கவிழ்ந்து கவிழ்ந்து அத்தனை பேர் அடிபட்டதால் 1988-இல் அங்கே மூன்று சக்கர மாடல்களின் விற்பனை நின்றது. நாலு சக்கரம் நிலைத்தது. நம் நாட்டில் இந்த வண்டியோடு உண்மையாக மல்லுக்கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். இன்ஜினியரிங் மாணவர்கள்! பாஹா என்கிற மாணவர் போட்டி 1976-இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவுக்கு 2007-இல் வந்தது, இந்தூர் பக்கத்துப் பீதம்பூரில். தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளும் போகின்றன. பைப்பை வளைத்து வெல்டு வைத்து, சிறிய எஞ்சின் பொருத்தி, தாங்களே ஒரு ஏ.டி.வி. செய்ய வேண்டும். நாலு மணி நேர ஓட்டப் போட்டிக்குள் விடுவதற்கு முன் பிரேக் பரீட்சை. வண்டியை முடுக்கி வந்து மிதித்தால் நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று ஆயில் சுற்று குறைந்தது இரண்டு தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும்.

ஒரு வருஷம் ராப்பகலாக உழைத்த வண்டி, இந்த ஒரு பரீட்சையில் ஒரு சக்கரம் பூட்டாமல் உருண்டால் ஓட்டத்துக்கே போக முடியாது. பசங்க பைக் டிஸ்க்கும் மாருதி 800-இன் காலிப்பரும் வாங்கிப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. நான் பி.இ. படித்தபோது இப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமை உண்டு. எங்களுக்கு பிரேக் என்பது கரும்பலகையில் போட்ட படம், அதுவும் டிரம் பிரேக்கின் படம்.

மாற்றுகிற முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் படிப்பீர்கள். முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் ஒரு பக்கம் இழுக்கும். பழைய பேடைப் புது டிஸ்க்கில் போடாதீர்கள். பழைய கோட்டுக்குத் தேய்ந்த பேட் புதுத் தட்டில் முழுசாக உட்காராது. டிஸ்க் போல்ட்டைக் குறுக்கு வரிசையில், சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்; கழன்று வராமல் மரையில் விடுகிற பசையும் தேவை. ஹப்பில் துரு இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் புது டிஸ்க். இல்லாவிட்டால் புதுசே ஆட்டம் காட்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழியும். பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும். முடிந்ததும் முதல் இருபது முப்பது தடவை மிதமாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். பேடின் ஒரு மெல்லிய படலம் தட்டில் ஒரே சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். முதல் நாளே அருவிப் பக்கம் மலையில் இறக்கிப் பார்க்காதீர்கள்.

கம்ப்ரசர் காற்றை அடித்துப் பிரேக் தூசியை ஊதுவதையும் விடுங்கள். ரொம்ப காலம் லைனரிலும் பேடிலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் இருந்தது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோய் முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட வரும். இங்கிலாந்து 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடை செய்தது. இங்கே பெரிய கம்பெனிகள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவைக்கு மாறிவிட்டன. ஆனால் தடை என்று ஒன்று இல்லை, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி நடக்கிறது. மலிவான, பெயர் தெரியாத டப்பாவில் வருகிற லைனரை நம்ப நான் தயாராக இல்லை. ஈரத்துணியால் துடைக்கலாம், பிரேக் கிளீனர் அடிக்கலாம். டிரம்மைத் திறந்து "ஃபூ" என்று வாயாலேயே ஊதிய தலைமுறை ஒன்று நம் பட்டறைகளில் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை யாரும் எழுதி வைக்கவில்லை.

தூசிக்கே இப்போது ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டது. 2024-இல் நிறைவேறிய யூரோ 7 விதிகள், புகைக்குழாயோடு நிற்காமல், பிரேக்கிலிருந்து பறக்கும் துகளுக்கும் முதல் முறையாக வரம்பு வைக்கின்றன: சாதாரணக் காருக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், பேட்டரிக் காருக்கு 3. பேட்டரிக் காருக்குக் குறைவாக வைத்ததற்குக் காரணம், அது வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பிரேக் அதிகம் தொடாமலே கிடக்கும். தொடாத டிஸ்க் தேயாது, துருப்பிடிக்கும். அதனால் ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3 மின்சாரக் காரின் பின்சக்கரங்களுக்கு டிஸ்க் வேண்டாம் என்று முடிவெடுத்து, மழையும் அழுக்கும் உள்ளே போகாத டிரம்மையே வைத்துவிட்டது. 1902-இல் ரெனோ வைத்த அதே சட்டி.